தோல் தொழில் வட்டாரத்தில் பள்ளிக் கல்வி உதவித்தொகை: வேலூர், ஆம்பூர்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டியும் அதன் அக்கம்பக்கத்திலும் பரந்துள்ள தோல் தொழில் வட்டாரத்தில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த கிராமப்புறப் பிள்ளைகள் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து முடிக்க அரசும் தனியாரும் தரும் பண உதவியைப் பற்றியது இக்கட்டுரை. ஒரே வேலூர் மாவட்டமாக இருந்த இப்பகுதி 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

அரசுப் பள்ளியில் படிப்புக் கட்டணம் கிடையாது. பாடநூல், பேருந்துப் பயண அட்டை, பதினோராம் வகுப்பில் மிதிவண்டி எல்லாம் இலவசம். அப்படியிருக்க உதவித்தொகை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் கூலிக்கு ஈடாகத்தான் இந்தப் பணம் தேவைப்படுகிறது. எந்தத் திட்டத்தையும் இந்த வட்டாரத்தில் அதை வைத்துத்தான் எடைபோட முடியும்.

கம்பெனி வேலையின் இழுப்பு

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய் அவர்களை ஏற்றிக்கொண்டு வரும். கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் ஷூவின் மேல்பாகமான அப்பரை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைக்கிறார்கள். கூலி ஜோடிக் கணக்கு. பள்ளி விட்டு வரும் மகளும் ஊசி பிடித்தால் இரண்டு ஜோடி கூடும் என்கிற நிலையில், வீட்டுப்பாடம் தள்ளிப்போவதில் வியப்பில்லை.

தோல் ஷாப்புகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்று நிலத்தடி நீரைக் கெடுத்து வயல்களைப் பாழாக்கியது இந்த இழுப்புக்கு இன்னொரு காரணம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. விவசாயம் கைவிட்ட வீடுகளில் மாதாமாதம் வரும் ஒரே பணம் கம்பெனிச் சம்பளம் என்றானது. பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் அந்தச் சம்பளத்தின் இழுப்பு மிக வலுவாக இருக்கிறது.

தேர்வெழுதிப் பெறுவது

இருப்பவற்றில் உருப்படியானது, எல்லோரும் என்.எம்.எம்.எஸ். என்று சொல்லும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகை. 2008இல் மத்திய அரசு தொடங்கியது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 1,00,000 பேருக்குக் கிடைக்கும். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம். மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை 2017இல் 1,000 ஆனது. 9 முதல் 12 வரை நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 1.5 லட்சத்திலிருந்து 3.5 லட்சமாக உயர்ந்த பிறகு, கணவனும் மனைவியுமாகக் கம்பெனிக்குப் போகும் பல குடும்பங்கள் தகுதிக்குள் வந்தன.

தேர்வு இரண்டு பகுதி: மனத்திறனில் 90 வினா, பாட அறிவில் 90 வினா. எண் தொடரில் விடுபட்ட எண், கண்ணாடியில் தெரியும் உருவம் போன்ற மனத்திறன் வினாக்கள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. மாலையிலும் விடுமுறை நாளிலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கும் ஆசிரியர் வாய்த்த பள்ளிகள் ஆண்டுதோறும் தேர்ச்சி காட்டுகின்றன. அப்படி ஒருவர் இல்லாத பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் வழி தெரிவதில்லை. ஒரு மாணவருக்குப் பணம் தருவதைவிட, இத்தகைய பயிற்சிக்கு வினாத்தாளும் மாலைச் சிற்றுண்டியும் ஏற்றுக்கொள்ளும் கொடையாளர் அதிகம் சாதிக்கிறார்.

தேர்ச்சி பெற்றாலும் வேலை முடிவதில்லை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் வேண்டும். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்தும் பள்ளிப் பதிவேட்டில் வேறொன்றும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுக்காவிட்டால் பதினோராம் வகுப்பில் தொகை வராது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 55. படிப்பை விடக்கூடிய அபாயம் மிகுந்த பிள்ளைக்கு, அந்த அபாயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் உதவி நிற்பது இத்திட்டத்தின் பெருங்குறை.

கிராமப்புற மாணவர்களுக்கென்றே மாநில அரசு நடத்துவது ஊரகத் திறனாய்வுத் தேர்வு. வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆனால் தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய், அதாவது மாதம் 83 ரூபாய். பாராட்டாக ஏற்கலாம், கூலிக்கு ஈடாகாது. 2022இல் தொடங்கிய தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு பதினோராம் வகுப்பில் 1,500 பேரைத் தேர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 1,500 ரூபாய் தருகிறது. அளவில் இதுவே நியாயமானது; எண்ணிக்கைதான் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவு.

பெற்றோரின் தொழிலை வைத்து

இந்த வட்டாரத்துக்கு நேரடியாகப் பொருந்தும் திட்டம் 1977-78இல் மத்திய அரசு கொண்டுவந்த, சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் பிள்ளைகளுக்கான உதவித்தொகை. தோல் உரிப்போரும் பதனிடுவோரும் இதில் அடக்கம். சாதி, மதம், வருமானம் எதுவும் தடையில்லை. பத்தாம் வகுப்பு வரை வீட்டிலிருந்து படிப்பவருக்கு ஆண்டுக்கு 3,500, விடுதி மாணவருக்கு 8,000 ரூபாய். தோல் ஷாப்பில் ஊறவைத்த தோலைத் தூக்கும் தந்தையின் பிள்ளைக்கு உண்டு. அதே தோலை ஷூவாகத் தைக்கும் தாயின் பிள்ளைக்கு இல்லை.

அந்தத் தாய்க்கு அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியம் ஒரு வழி. காலணி, தோல்பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில் தனி வாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொண்டவரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கிடைக்கும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 9, 10ஆம் வகுப்புக்கு ஆண்டுக்கு 2,000, மேல்நிலை வகுப்புக்கு 3,000 ரூபாய் தருகிறது.

முஸ்லிம் மாணவியருக்குப் பெரிதும் பயன்பட்ட பேகம் ஹஸ்ரத் மஹால் உதவித்தொகை, 9, 10ஆம் வகுப்புக்கு 5,000, 11, 12க்கு 6,000 என்று கிடைத்துவந்தது. 2022க்குப் பின் அது நின்றுபோனது. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களுக்கு இது உண்மையான இழப்பு.

கொடையாளர்கள்

வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தம் படிப்புக் காலம் முழுவதும் உதவித்தொகை பெற்றவர். தோல் வணிகர்களின் கொடையோ தனி மாணவரைவிடக் கட்டடத்தையே அதிகம் நாடியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் எழுந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965இல் அவ்வூரில் கல்லூரி வந்தது. 1969இல் ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் மாவட்டந்தோறும் கிராமப்புற அரசுப் பள்ளியில் பிளஸ் டூவில் முதலிடம் பெறும் ஒரு மாணவருக்கும் ஒரு மாணவிக்கும் படிப்பு, விடுதி, உணவு எல்லாம் இலவசமாகத் தருகிறது. அதன் வேந்தர் கோ. விசுவநாதன் 2012இல் தொடங்கிய அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை, இப்பகுதி ஏழை மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவுகிறது. அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் கல்லூரி வாசலில்தான் தொடங்குகிறது.

இவை எல்லாம் பிளஸ் டூவைத் தாண்டியவருக்கு. பத்தாம் வகுப்பு முடிவுக்கும் பிளஸ் டூ தேர்வுக்கும் இடையில் கம்பெனிக்குப் போய்விட்ட பெண் இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. அரசுத் தொகை சரிபார்ப்பு முடிந்து கணக்கில் ஏறப் பல மாதம் பிடிக்கும். தனிக்கொடையாளருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மே மாதம் முடிவு வந்த கையோடு வீட்டுக்குப் போய் வாக்குக் கொடுக்கலாம், ஜூனிலேயே முதல் தவணையைப் போடலாம். தமிழ் இலக்கியத் தேர்வின் அளவையே கொண்டு மாதம் 1,500 என்று வைத்தால், ஜூன் தொடங்கிப் பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச் வரை 22 மாதத்துக்கு ஒரு மாணவிக்கு ஆகும் செலவு 33,000 ரூபாய்.