சவுண்ட்பார் வாங்கப் போறீங்களா? பழவேற்காட்டில் இருந்து ஒரு குட்டி வரலாறு

1/
"சார், பத்தாயிரத்துக்குள்ள நல்ல சவுண்ட்பார் ஒண்ணு சொல்லுங்க."

ஓபி முடியும் நேரத்தில் ஒரு தம்பி கேட்டார். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவர். இப்போது மீஞ்சூர் பக்கம் அபார்ட்மெண்ட்டில் குடியிருக்கிறார். கூட வந்திருந்தவர் அவருடைய அப்பா, நாற்பது வருடம் கடலுக்குப் போனவர்.

அப்பா டிவியை முழு வால்யூமில் வைக்கிறார். பையன் அதே டிவியில் கேம் ஆடுகிறான். கீழ்வீட்டுக்காரர் ரெண்டு தடவை வந்து சண்டை போட்டுவிட்டார். "நல்ல ஸ்பீக்கர் வாங்கினா சரியாயிடுமா சார்?"

2/
பெரியவரிடம் கேட்டேன், "ஐயா, டிவி சத்தம் கேக்கலியா?"

"சத்தம் நல்லா கேக்குது தம்பி. பேச்சுதான் புரியல."

இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு வரியைப் பற்றித்தான். சத்தம் வேறு, சொல் வேறு. நம் வீட்டுக்குள் ஒலி வந்த நூறு வருடக் கதையே இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

3/
1924 மே 16. மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கப்படுகிறது. இந்தியாவின் ஆரம்பகால ஒலிபரப்பு முயற்சிகளில் முக்கியமானது. பணம் இல்லாமல் 1927-ல் நின்றுபோக, 1930-ல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை ஏற்று நடத்தியது.

அன்றைக்கு வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. மெரினா மாதிரி பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள், மக்கள் கூடி நின்று கேட்டார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அதன் பிறகு ஊர் ஊராக பஞ்சாயத்து ரேடியோ. ஒரு பெட்டி, ஊருக்கே காது.

4/
கரையோர ஊர்களுக்கு அந்தப் பெட்டி வெறும் பாட்டுப்பெட்டி இல்லை. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்கிற வானிலை எச்சரிக்கை அதில்தான் வரும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1947-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் பிறந்த சின்னப் பொருள், ரேடியோவை பேட்டரியில் ஓடும் கைப்பெட்டியாக ஆக்கியது. படகிலும் எடுத்துப் போகலாம்.

அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான். பேஸ் கிடையாது, அதிர்வு கிடையாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரியும். உயிரைக் காப்பாற்ற அது போதும்.

5/
சொல் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. அன்று காலை நம் கரைக்கு யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்பட ஆரம்பித்ததே 2007-ல்தான்.

இன்றைக்கு அந்த எச்சரிக்கை போனிலும் டிவியிலும் வருகிறது. வீட்டில் இருக்கும் வயதானவருக்கு டிவியில் செய்தி வாசிப்பவர் பேசுவது புரிய வேண்டும் என்பது ஆடம்பரம் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

6/
இனி காதுக்கு வருவோம். கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன காலத்தில் கடலில் காற்றும் அலையும்தான் சத்தம். 1980-களில் இருந்து இன்ஜின் பரவியது. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் இன்னும் பெருகின. உழைப்பு குறைந்தது, தூரம் போக முடிந்தது. நல்லதுதான்.

ஆனால் இன்ஜின் பக்கத்தில் உட்கார்பவர் அடுத்த ஆளிடம் கத்தித்தான் பேச வேண்டும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் கத்த வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதை தினம் பல மணி நேரம், பல வருடம் கேட்டால் உள்காதில் இருக்கும் முடி செல்கள் செத்துப்போகும். செத்தவை திரும்ப முளைக்காது.

7/
அந்தச் சேதம் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். பேச்சில் ச, த, க மாதிரி மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் உயர் அதிர்வெண்கள்தான். உயிரொலிகள் தாழ்வான பக்கம் இருப்பதால் தப்பித்துவிடும்.

காசு, காது, காடு. சொல்லிப் பாருங்க. நடுவில் இருக்கும் மெய் மங்கிப்போனால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்றால் மருத்துவமாகப் பார்த்தால் இதுதான் அர்த்தம்.

8/
இப்போ டிவி கதை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளே டிவி செய்து விற்ற காலம். மரப்பெட்டி, கனமான பிக்சர் டியூப், உள்ளே தாராளமாக இடம். அதனால் ஓரளவு பெரிய ஸ்பீக்கரை உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தே வைக்க முடிந்தது.

2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டம் ஆரம்பம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 இஞ்ச் டிவிகள் வீடுகளுக்குப் போயின. குப்பங்களில் ரொம்ப வீடுகளில் முதல் டிவி அதுதான்.

9/
பிறகு டிவி ஒல்லியானது. படம் பிரமாதம். ஆனால் ரெண்டு விரல் தடிமனில் ஸ்பீக்கருக்கு இடம் எங்கே? சின்ன ஸ்பீக்கரை கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ ஒளித்து வைத்தார்கள். சத்தம் சுவரில் பட்டு, தரையில் பட்டு, கலங்கி நம்மிடம் வருகிறது. நல்ல காதுக்கே வசனம் சரியாகப் புரியாது. இன்ஜின் தின்ற காதுக்கு?

சவுண்ட்பார் என்கிற பொருள் 2000-களில் பரவியது இந்தக் குறையை நிரப்பத்தான். 2009-ல் வந்த HDMI ARC ஒரே வயரில் டிவி ஒலியை வெளியே எடுக்க வழி செய்தது. ஆக, சவுண்ட்பார் நம் ஆளுயரப் பாட்டுப்பெட்டிக்கு வாரிசு இல்லை. டிவி தொலைத்த வாய்க்கு மாற்று.

10/
நடு ஸ்பீக்கர் பற்றி ஒரு தகவல். 1940-ல் டிஸ்னியின் ஃபேண்டேசியா படத்துக்காக திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஒலிப்பாதை அமைத்தார்கள். பிறகு சினிமாவில் வசனத்துக்கு என்று அந்த நடுப்பாதை நிலைத்துவிட்டது. சவுண்ட்பார் பெட்டியில் 3.1 என்று போட்டிருந்தால் பேச்சுக்குத் தனி ஸ்பீக்கர் இருக்கிறது என்று பொருள். 2.1 என்றால் இல்லை.

11/
வாட் கணக்கில் ஏமாறாதீங்க. 90-களில் டேப் ரெக்கார்டர் மேல் "1000 வாட் PMPO" என்று ஸ்டிக்கர் இருக்கும், ஞாபகம் இருக்கா? அது கண்ணுக்கான சத்தம். இன்றைக்கு RMS என்ன என்று கேளுங்க. அதிலும் வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். பத்துக்குப் பதினைந்து அடி ஹாலுக்கு 300 வாட் வேண்டவே வேண்டாம்.

12/
அபார்ட்மெண்ட்டுக்கு வருவோம். பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். 1971-ல் இருந்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள். முப்பது கிலோமீட்டர் தாண்டி ஏரிக்கு இந்தப் பக்கம் வருவது என்ன? அடித்தொண்டை உறுமல்தான். கீச்சுச் சத்தம் எல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். தாழ்ந்த ஒலி தூரம் போகும், சுவரையும் தாண்டும்.

உங்க சப்வூஃபரும் அப்படித்தான். கீழ்வீட்டுக்காரருக்கு வசனம் கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல் (2000-ம் வருட ஒலி மாசு விதிகள்).

13/
அதே ராக்கெட் இன்னொரு பாடமும் சொல்லும். முதலில் வெளிச்சம். சத்தம் வர ஒன்றரை நிமிடம் ஆகும். சவுண்ட்பாரை புளூடூத்தில் இணைத்தாலும் இதே கதைதான், பத்தில் ஒன்று ரெண்டு விநாடி பிந்தும். சினிமாவில் உதடு ஒத்துவராது. கேமில் சுட்டவன் யார் என்று தெரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். வயரில் இணைங்க.

14/
சரி, என்ன பார்த்து வாங்குவது?

• HDMI ARC. அது டிவியில் இல்லை என்றால் ஆப்டிகல்.
• வசனத்தைத் தூக்கிக் காட்டும் மோட் (டயலாக், நியூஸ், வாய்ஸ் என்று பெயர் மாறும்).
• நைட் மோட். வெடிச்சத்தத்தை அடக்கும், பேச்சை விடும்.
• பேஸைத் தனியாகக் குறைக்க வசதி. சப்வூஃபர் தனிப்பெட்டி என்றால் தரையில் நேராக வைக்காமல் அடியில் தடித்த ரப்பர் அல்லது ஃபோம்.
• மலிவு விலை 2.1-ல் 'அட்மாஸ்' என்று போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய் கூட அதிகம் தராதீங்க.

கடைக்குப் போனால் சண்டைக்காட்சி போட்டுக் காட்டுவார்கள். நீங்க செய்தி போடச் சொல்லுங்க.

15/
கேம் ஆடும் பிள்ளைகளுக்கு: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல். 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு, 75. ஹெட்போனில் ஆடினாலும் இதே கணக்கு. தாத்தா காதை இன்ஜின் தின்றது, பேரன் காதை கேம் தின்ன வேண்டாம்.

16/
பெரியவர் என்ன ஆனார்? முதலில் காதைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் குறும்பி அடைத்திருந்தது. எடுத்ததும் கொஞ்சம் தெளிவு. பிறகு ஆடியோகிராம் எடுக்க அனுப்பினோம். நான் நினைத்த இடத்திலேயே பள்ளம். காதொலிக் கருவிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தகுதி உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் இலவசமாகவே கிடைக்கும்.

கருவி போட்டுக்கொள்ள வெட்கப்படாதீங்க. பேச்சு புரியாதவர் மெல்ல வீட்டுப் பேச்சில் இருந்தே ஒதுங்கிவிடுவார். கவனிக்காமல் விட்ட செவித்திறன் குறைவு மறதி நோய்க்கு ஒரு காரணி என்று லேன்செட் ஆணையம் 2017-ல் இருந்து சொல்லி வருகிறது.

17/
மகன் ஏழாயிரம் ரூபாயில் ஒன்று வாங்கினார். போன வாரம் வந்தபோது சொன்னார், "வால்யூம் பாதியிலதான் சார் இருக்கு. கீழ்வீட்டு அண்ணன் இப்போ சண்டைக்கு வர்றதில்ல."

பெரியவரிடம் "இப்போ எப்படி ஐயா?" என்றேன்.

"நியூஸ்ல பேசுறது புரியுது தம்பி. கருவி வந்தா பேரன் பேசுறதும் புரியும்ல?"

புரியும் ஐயா.

உங்க வீட்டில் யாராவது டிவி வால்யூமை ஏத்திக்கிட்டே போறாங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஸ்பீக்கரை அப்புறம் பார்த்துக்கலாம்.