கொட்டகையும் ஆட்டமும்

தமிழ்நாட்டில் சினிமாவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் படங்களையும் முதலாளிகளையும் நட்சத்திரங்களையும் கால வரிசைப்படி சொல்லிச் செல்கிறார்களேயன்றி, பார்த்த ஜனங்கள் அதை என்ன சொல் கொண்டு வழங்கினார்கள் என்பதும் சரித்திரமே என்று கருதுவதில்லை. என் அபிப்பிராயத்தில் அதைவிட நம்பத்தக்க சாசனம் வேறில்லை.

திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் யந்திரத்தையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்த காலத்தில், படம் என்பது ஒருவர் ‘காட்ட’ மற்றவர் பார்ப்பதாக இருந்தது. ஊமைப்படக் கொட்டகைகளில் திரையருகே ஒருவர் நின்று, இடையிடையே தோன்றும் எழுத்துக்களை உரக்கப் படித்துக் கதையையும் விளக்குவார். எழுத்தறியாத ரசிகர்களுக்கு அவர் குரலே படத்தின் குரல். 1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானபின் ‘பேசும் படம்’ என்ற பெயர் பரவிற்று. எல்லாப் படமும் பேசத் தொடங்கியதும் அந்த அடைமொழி உதிர்ந்து, ‘படம்’ மட்டும் எஞ்சியது.

ஆனால் படம் புகுந்த வீடு நாடகத்தின் வீடு. ‘கொட்டகை’ நாடகக்காரர்களுடையது, ‘முதல் ஆட்டம்’, ‘இரண்டாம் ஆட்டம்’ என்பவற்றில் கூத்தின் வாடை இன்னும் வீசுகிறது. கிராமத்தார் புதுமையைக் கண்டு மிரளாமல், தம் பழைய சொற்களாலேயே அதை வரவேற்று உட்கார வைத்த பெருந்தன்மையை நான் மிகவும் போற்றுகிறேன்.

அக்காலத்தில் ஊர் ஊராகப் பெயர்ந்த டூரிங் கொட்டகையில் தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்புகள். தரையில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து ஒரு குட்டைச் சுவர். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் கைகளால் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வார்கள். பின்னாலிருப்பவருக்கு மறைத்துவிட்டால் சச்சரவு மூளும். பல கொட்டகைகளில் புரொஜெக்டர் ஒன்றே ஆதலால், ரீல் மாற்றுந்தோறும் விளக்கெரிய, முறுக்கு, சோடா, பாட்டுப் புத்தகம் விற்கும் சிறுவர்கள் கூட்டத்துக்குள் நுழைவார்கள். ஒரே இடைவேளைக்குப் பழகிய நகரத்தாருக்கு அது இடையூறு. நாட்டுப்புறத்தாருக்கோ அதுவும் ஆட்டத்தின் ஓர் அங்கமே.

அனுமதியின் தவணை முடிந்ததும் இடம்பெயர வேண்டிய இக்கொட்டகைகள் பிற்காலத்தில் பல ஊர்களில் கீற்று வேய்ந்து நிலைத்துவிட்டன. கூடாரத் துணி போய் நெடுங்காலமான பின்னும் ‘டெண்டுக் கொட்டாய்’ என்றே ஜனங்கள் சொல்லிவந்தார்கள். முதலாளிகளும் பெயர்ப்பலகையில் ‘டூரிங் டாக்கீஸ்’ என்பதை அழிக்கவில்லை.