வாயால் இழுத்த நூல்

விடிகாலையில் வேடசந்தூர்ப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கையில் சாப்பாட்டுத் தூக்குடன் ரோட்டோரம் பெண்கள் நிற்பார்கள். மில் வேன் வரும், ஏற்றிக்கொண்டு போகும். ஒரு காலத்தில் புகையிலைக்குப் பேர்போன ஊர் இது. 1948-லேயே இங்கே மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. இப்போது சுற்றுவட்டாரம் பூராவும் நூற்பாலைகள். அந்த வேன்களில் போகிறவர்களில் நிறையப் பேர் தலித் வீட்டுப் பெண்கள்.

‘மெஷினுக்கு என்னங்க சாதி தெரியும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. மெஷினுக்குத் தெரியாதுதான். ஆனால், மெஷின் முன்னால் யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கிறாரே ஒருத்தர், அவருக்குத் தெரியும்!

நூறு வருஷத்துக்கு முந்தைய பம்பாய்க்குப் போவோம்.

பருத்தி ஆலைகளின் புகைபோக்கிகள் ஓயாமல் புகைந்துகொண்டிருந்த காலம். ஆலைக்குள் தலித் தொழிலாளர்களுக்கு இடம் உண்டு. ஆனால், நூற்புப் பிரிவில் மட்டும். நல்ல கூலி கிடைக்கிற நெசவுப் பிரிவுக்குள் அவர்கள் நுழைய முடியாது. காரணம் என்ன தெரியுமா? தறியில் ஊடை நூல் தீர்ந்துவிட்டால், புதுத் தாரை நாடாவுக்குள் பொருத்தி, நாடாவின் சின்னக் கண் வழியாக நூலை வாயால் உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். ‘தீண்டத்தகாதவன்’ வாய் வைத்த நாடாவில் நான் வாய் வைப்பதா என்றார்கள் மற்ற தொழிலாளர்கள். அத்துடன் கதவு சாத்தப்பட்டது.

இங்கிலாந்திலிருந்து நவீனத் தறி கப்பலேறி வந்தது. கிராமத்துக் கிணற்றடியில் இருந்த தீட்டு நடந்தே வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது!

1928-ல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் ஒன்றரை லட்சம் பேர். அப்போது அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். முதலாளியிடம் நியாயம் கேட்கிறீர்கள், சரி. நெசவுப் பிரிவில் எங்கள் ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்பதும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் உண்டா? தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1938-ல் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்கள் மாநாடு. அங்கே அம்பேத்கர் இன்னொரு கணக்கைச் சொன்னார். தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேருகிற தலித், கடைசிவரை கேங்மேன்தான். போர்ட்டராகக்கூட ஆக முடியாது. ஏன்? ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையையும் போர்ட்டர்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் எப்படி விடுவார்கள்? வேலை கிடைப்பது ஒரு சண்டை, வேலைக்குள் மேலே ஏறுவது வேறொரு சண்டை.

இப்போது சாஃப்ட்வேருக்கு வருவோம். கீபோர்டில் யாரும் வாய் வைக்க வேண்டியதில்லை. அப்படியானால் தடையும் போயிருக்க வேண்டுமே?

2005-ல் தொடங்கி 66 வாரங்கள் ஓர் ஆய்வு நடந்தது. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அமெரிக்கப் பேராசிரியர் பால் அட்டிவெல்லும் செய்தது. பத்திரிகைகளில் வந்த தனியார் கம்பெனி விளம்பரங்கள் 548-க்கு 4,808 விண்ணப்பங்கள் போட்டார்கள். படிப்பு, தகுதி எல்லாம் ஒன்று. பெயர் மட்டும் வேறு. விளைவு? உயர்சாதிப் பெயருடன் ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007-ல் வெளியான இந்த முடிவைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் மனிதவள அதிகாரிகளிடம் பேசிப் பார்த்தார்கள். எல்லாருமே ‘எங்களுக்குத் தகுதிதான் முக்கியம்’ என்றார்கள். கூடவே, ‘குடும்பப் பின்னணியும் பார்ப்போம்’ என்றார்கள். முதல் வாக்கியத்தை இரண்டாவது வாக்கியம் விழுங்கிவிடுவதை அவர்கள் கவனிக்கவே இல்லை!

வேடசந்தூர் மில் வேனில் போகிற ஓர் அக்காவின் தம்பி இன்ஜினீயரிங் முடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2007-ல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவிகித உள்ஒதுக்கீடு சட்டமானது. இத்தனையும் சேர்ந்து அவனைக் கல்லூரி வாசல்வரை, ஏன், பட்டம்வரை கொண்டுவந்து விட்டன. இன்டர்வியூ அறைக்கு வெளியே சட்டம் நின்றுவிடுகிறது. தனியார் வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. உள்ளே, ‘அப்பா என்ன பண்றார் தம்பி?’ என்று சிரித்த முகத்துடன் ஒரு கேள்வி வரும்.

வாயால் இழுக்கிற நூல் இப்போது அந்தக் கேள்விதான்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் அண்ணன் கதை உண்டு. விண்வெளிப் பயணங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த கேத்ரின் ஜான்சன், டோரதி வாகன் போன்ற கறுப்பினப் பெண்களை ஆரம்பத்தில் தனிப் பிரிவில்தான் உட்காரவைத்தார்கள். 2014-ல் கூகுள் முதல்முறையாகத் தன் ஊழியர் கணக்கை வெளியிட்டது. தொழில்நுட்பப் பணியில் கறுப்பினத்தவர் 1 சதவிகிதம். நாட்டின் மக்கள்தொகையிலோ அவர்கள் சுமார் 13 சதவிகிதம். அந்த எண் வெளியே வந்ததால் கேள்வி பிறந்தது. வேலைக்குச் சேர்க்கும் இலக்குகள் பிறந்தன. 2025-ல் கூகுள் உள்பட சில கம்பெனிகள் அந்த இலக்குகளைக் கைவிட்டதும் உண்மைதான். ஆனாலும், எது கைவிடப்பட்டது என்பதாவது அங்கே உலகத்துக்குத் தெரியும்.

நம் சாதியும் அங்கே போய்ச் சேர்ந்தது. 2020-ல் சிஸ்கோ நிறுவனத்தில் தலித் இன்ஜினீயர் ஒருவர் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கலிஃபோர்னியா அரசுத் துறை வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை 2023-ல் அரசுத் துறையே வாபஸ் வாங்கியது. அதே 2023-ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம் தாத்தாக்கள் பயந்தார்கள். பாவம், வீணாகப் பயந்திருக்கிறார்கள்!

மறுபடி திண்டுக்கல்லுக்கு வருவோம். 2021-ல் இந்த மாவட்டத்தில், ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருத்தி கொலையானாள். அடுத்த வருஷம், தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கம் ஆலை நிர்வாகத்துடனும் வெளிநாட்டு ஆடை நிறுவனத்துடனும் ஓர் ஒப்பந்தம் போட்டது. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. பெண் என்பதற்காகவோ, சாதிக்காகவோ துன்புறுத்தினால் கேட்பதற்கு ஓர் ஏற்பாடு. ஏர்கண்டிஷன் அறைகளில் இருக்கிறவர்கள் வாய் திறக்கத் தயங்கிய விஷயத்தை மில் வேனில் போகிற பெண்கள் எழுதி வாங்கிவிட்டார்கள்.

நம் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஆண்டறிக்கையில் பெண்கள் எத்தனை சதவிகிதம் என்று பெருமையாகப் போடுகின்றன. நல்லது, போடட்டும். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, தலித்கள் எத்தனை பேர், எந்தப் பதவியில் என்றும் எழுதலாமே. பெரிய செலவு ஒன்றும் ஆகாது. 1928-ல் அம்பேத்கர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்... உள்ளே இருக்கிறோம், சரி. எந்தப் பிரிவில் இருக்கிறோம்?