பூட்டிக் கிடந்த நினைவகமும் மாற்றுச் சாவிகளும்

பழைய கணினிகளின் நினைவக எல்லையை, தயாரித்த நிறுவனத்தின் அனுமதியின்றிப் பிறர் கண்டுபிடித்த குறுக்கு வழிகளால் தாண்டியது சரியா என்பது இந்த அரங்கில் என் முன் வைக்கப்பட்ட கேள்வி. சரி, தவறு என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அந்த எல்லை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும்.

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்டு மாதம் வெளியிட்ட தனிநபர் கணினியில் இருந்தது 8088 என்ற சில்லு. அதற்கு முகவரிக் கம்பிகள் 20. ஒரு தாமானில் வீட்டு எண்ணுக்கு இரண்டு இலக்கம்தான் என்று விதித்துவிட்டால், நூறாவது வீட்டைக் கட்டினாலும் தபால்காரர் அங்கே போக மாட்டார் அல்லவா? அதுபோல 20 கம்பிகளுக்கு 1 மெகாபைட்டுக்கு மேல் எட்டாது. அதிலும் மேல்பகுதி 384 கிலோபைட்டைத் திரைக்கும் ரோம் சில்லுக்கும் விரிவாக்க அட்டைகளுக்கும் ஐபிஎம் ஒதுக்கிக்கொண்டது. எஞ்சிய 640தான் நமக்கு. "640 போதும்" என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அவர் அதை மறுத்திருக்கிறார். அந்தக் கோட்டைப் போட்டதும் ஐபிஎம்தான்.

முதலில் திணறியவர்கள் கணக்காளர்கள். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை மென்பொருளில் கம்பெனிக் கணக்குகள் பெருகப் பெருக, நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வரலாயிற்று. 1985இல் லோட்டஸும் இன்டெலும் ஒரு வழி கண்டன. மைக்ரோசாஃப்டும் பிறகு சேர்ந்துகொண்டது. 64 கிலோபைட் அளவுள்ள ஒரு சன்னலைத் திறந்துவைத்து, தனி அட்டையில் இருக்கும் பெரிய நினைவகத்தைத் துண்டு துண்டாக அதன் வழியே காட்டுவதுதான் அந்த ஏற்பாடு. மெதுவானது, ஆனால் வேலை நடந்தது.

அடுத்து வந்த குறுக்கு வழிதான் சுவையானது. இன்டெலின் 386 சில்லு 1985இல் வந்த பிறகு, கலிபோர்னியாவின் குவார்ட்டர்டெக் நிறுவனம் 'க்யூஎம்' என்ற மென்பொருளை விற்றது. ஒதுக்கப்பட்ட 384 கிலோபைட் பகுதியில் உண்மையிலேயே எவரும் குடியிராத முகவரிகளைத் தேடிப் பிடித்து, அங்கே நினைவகத்தை வைத்துவிடும். சுட்டி, குறுந்தட்டு, ஒலி அட்டை ஆகியவற்றின் இயக்கிகள் அங்கே குடிபெயரும். 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டு உலகச் சந்தையைப் பிடித்தது சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடலாம். அத்தகைய அட்டைகள் கூடக் கூட, 640இல் இடநெருக்கடியும் கூடியது.

ஆனால் ஆளில்லாத வீடு என்று எப்படி முடிவு செய்வது? கதவைத் தட்டிப் பார்ப்பதுதான். சில நெட்வொர்க் அட்டைகள், வேலை தொடங்கும் வரை தங்கள் முகவரியில் ஆளே இல்லாததுபோல் இருக்கும். க்யூஎம் அங்கே ஓர் இயக்கியைக் குடிவைத்துவிடும். பிறகு நெட்வொர்க் இயங்கும்போது இரு தரப்பும் ஒரே முகவரியில் மோதிக்கொள்ள, கணினி உறைந்துபோகும். எழுதிக்கொண்டிருந்த கோப்பும் போயிற்று. அந்த முகவரிகளைத் தொடாதே என்று கட்டளைக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அந்த வரி தெரிந்தவருக்கு க்யூஎம் ஒரு வரப்பிரசாதம். தெரியாதவர் கணினி கெட்டுவிட்டது என்றே நினைத்தார்.

1990இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் டிஆர்-டாஸ் 5, அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் 5 என, இயங்குதளங்களே இதே வித்தையைச் செய்யத் தொடங்கின. வெளியார் கண்ட குறுக்கு வழி, அரசாங்கச் சாலையாகிவிட்டது.

ஆப்பிள் நிறுவனத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1987இல் வந்த மெக்கின்டாஷ் 2, 1989இல் வந்த எஸ்இ/30 முதலிய கணினிகளில் சில்லு 32 பிட் முகவரியைத் தாங்கும். ஆனாலும் 8 மெகாபைட்டுக்கு மேல் பயன்படுத்த முடியவில்லை. முந்தைய மெக்கின்டாஷ் சில்லு 24 பிட் முகவரியைத்தான் பயன்படுத்தியது. மேலே சும்மா கிடந்த 8 பிட்டுகளில் நிரலாளர்கள் தங்கள் குறிப்புகளை எழுதிவைத்தார்கள். ஆப்பிளின் ரோம் சில்லுக்குள்ளேயே அந்தப் பழக்கம் பதிந்துபோயிருந்தது. 1991இல் சிஸ்டம் 7 வந்து 32 பிட் முகவரியைக் கொண்டுவந்தபோது, விலை உயர்ந்த அந்தக் கணினிகளை வாங்கியவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். கனெக்டிக்ஸ் என்ற சிறு நிறுவனம் 'மோட்32' என்ற மென்பொருளால் அந்தக் குறையைச் சரிசெய்தது. கடைசியில் ஆப்பிளே உரிமம் பெற்று அதை இலவசமாக வழங்கியது. தயாரிப்பாளரின் பிழையை வெளியார் திருத்திய இந்த இடத்தில் என் ஓட்டு முழுமையாகக் குறுக்கு வழிக்கே.

இந்த வெற்றிகளைக் கண்டு மக்களுக்கு வந்த நம்பிக்கையைச் சிலர் காசாக்கினார்கள். 1995இல் சிங்க்ரோனிஸ் நிறுவனத்தின் 'சாஃப்ட்ராம்95', நினைவகத்தை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி விற்கப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றுப்போயின. வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தபோது, நினைவகத்தைச் சுருக்கும் வேலை அதில் நடக்கவே இல்லை. திரையில் மட்டும் நினைவகம் கூடியதாகக் காட்டியது. ஆண்டின் இறுதியில் அதைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டார்கள். 1996இல் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இதைக் குறுக்கு வழி என்று சொல்வதே அந்தச் சொல்லுக்கு இழுக்கு.

விண்டோஸ் 98இல் 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் பொருத்தினால் தகராறு செய்யும். வன்தட்டுக்கான இடைநினைவகம் முகவரிகளையெல்லாம் விழுங்கிவிடுவதே காரணம். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் அதற்கு உச்சவரம்பு வைக்கும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே குறிப்பு வெளியிட்டது. ஆகவே அதில் வழக்கில்லை.

வழக்கு இருப்பது 4 கிகாபைட் விஷயத்தில்தான். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றில் 4 கிகாபைட் பொருத்தினால், ஏறத்தாழ 3 அல்லது மூன்றரைதான் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். மீதி முகவரிகளைச் சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். சில்லின் குறை என்பார்கள். இன்டெலின் பென்டியம் புரோ 1995லேயே 36 பிட் முகவரியால் 64 கிகாபைட் வரை எட்டியது. அதே 32 பிட் வழியில் விண்டோஸ் சர்வர் 2003இன் உயர் பதிப்புகளும் அந்த அளவு வரை போயின. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு வந்த பிறகு, பாதுகாப்புக் காரணத்துக்காகப் பல வீட்டுக் கணினிகளில் 36 பிட் முறை ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீடு இருந்தது, சாலையும் இருந்தது. வாசலில் உரிமப் பூட்டு.

பூட்டுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு காரணம் சொன்னது. 4 கிகாபைட்டுக்கு மேல் உள்ள முகவரியைக் கண்டால் வீட்டுக் கணினிகளின் சாதன இயக்கிகள் பல தடுமாறுகின்றன என்றது. இது சாக்கு அல்ல. 32 பிட்தான் என்று நம்பி எழுதப்பட்ட இயக்கி, நீண்ட முகவரியின் முன்பகுதியை வெட்டிவிட்டு, வேறொருவர் வீட்டில் போய் எழுதும். கணினி உடனே நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல், ஒரு கோப்பின் நடுவே நாலு எழுத்து மாறிப்போனால் எப்போது தெரியும்?

கருப்பகுதிக் கோப்பின் நகலில் சில பைட்டுகளை மாற்றி, அந்த நகலைக் கொண்டு கணினியைத் தொடங்குவதுதான் பலர் கையாண்ட வழி. அது வேலை செய்தது. சாஃப்ட்ராம் போன்ற ஏமாற்று அல்ல. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் மூலக் கோப்புக்கே வரும், நகலுக்கு வராது. விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினியில் செய்து பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். கடைக் கணக்கோ, பிள்ளைகளின் படங்களோ இருக்கும் ஒரே கணினியில் வேண்டாம் என்பேன். காசு கொடுத்து வாங்கிய நினைவகத்தைப் பூட்டியது நியாயமா என்றால், முழு நியாயமில்லை. பழுதில்லாத இயக்கிகளை வைத்திருந்தவரையும் சேர்த்துத்தானே பூட்டினார்கள்?

2021இல் வந்த விண்டோஸ் 11 64 பிட் மட்டுமே என்பதால் அந்த வழக்கு ஓய்ந்தது. பூட்டு முற்றாகப் போய்விடவில்லை. 64 பிட் விண்டோஸ் 7இன் ஹோம் பிரீமியம் பதிப்புக்கு 16 கிகாபைட், புரொஃபெஷனலுக்கு 192. விண்டோஸ் 11இல் ஹோம் பதிப்புக்கு 128 கிகாபைட், புரோவுக்கு 2 டெராபைட். ஒரே கணினியில், ஒரே சில்லில் இரண்டையும் ஓட்டலாம்.