தட்டினால் தெரியும்

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடைவை வாங்குவோரைக் கவனித்திருப்பீர்கள். முதலில் புடைவையை வெளிச்சத்தில் விரித்துக் கரையையும் சரிகையையும் கண்ணால் அளப்பார்கள். பிறகு முந்தானையை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். அவர்களே பொங்கலுக்கு மண்பானை வாங்கச் சென்றால், பானையைச் சுண்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். ‘கணீர்’ என்றால் பானை வீட்டுக்கு வரும். ஓசை அடைத்தாற்போல் இருந்தால் எங்கோ கீறல் இருக்கிறது என்று பொருள்.

பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல். நோயாளியின் உடலைச் சோதிக்கச் செவிலிய மாணவியர் கற்கும் முறைகளும் இந்த நான்கே. கண்ணும் கையும் மருத்துவத்தில் மிகப் பழையவை. நாடி பார்ப்பது நம் சித்த மருத்துவர்களுக்குக் கைவந்த கலை. தட்டிப் பார்ப்பதோ 1761இல்தான் ஒரு நூலாக உருப்பெற்றது.

அதை எழுதியவர் வியன்னா நகர மருத்துவர் லியோபோல்ட் ஆவன்புருகர். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயில் சரக்கு எதுவரை இருக்கிறது என்பதைப் பக்கத்தில் தட்டியே அறியலாம் என்பது விடுதிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? மார்பும் ஒரு பீப்பாய்தானே என்று எண்ணினார். நோயாளிகளைத் தட்டிக் கேட்டதோடு நில்லாமல், பிணங்களின் மார்பறைக்குள் நீரைச் செலுத்தி, தட்டும்போது ஓசை எங்கே மாறுகிறது என்றும் சோதித்தார். நல்ல இசையறிவும் உள்ளவர். சாலியரி இசையமைத்த ஓர் இசை நாடகத்துக்கு உரையாடல் எழுதியவர். இத்தகைய காதுக்கு ஓசை வேறுபாடு தப்புமா?

நீங்களே செய்து பாருங்கள். இடக்கை நடுவிரலை வலப்பக்க மார்பின் மேற்பகுதியில் அழுத்தி வைத்து, வலக்கை நடுவிரல் நுனியால் அதன்மேல் தட்டுங்கள். தவிலைப் போர்வையால் மூடித் தட்டினாற்போல் முழக்கம் கேட்கும். அப்படியே கீழே இறங்குங்கள். ஏறத்தாழ ஆறாம் விலா எலும்பருகே முழக்கம் மங்கிவிடும். அங்கே கல்லீரல் தொடங்குகிறது. தொடையில் தட்டினால் முழக்கமே இராது. காற்று நிறைந்த நுரையீரல் அதிர்ந்து ஒலிக்கிறது. சதையும் நீரும் அதிர்வை விரைவில் அடக்கிவிடுகின்றன. ஆகவே, முழங்க வேண்டிய இடத்தில் ஓசை மங்கினால் அங்கே நீர் கோத்திருக்கலாம், அல்லது நுரையீரல் கெட்டிப்பட்டிருக்கலாம்.

இத்தனை பயனுள்ள நூலை உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 47 ஆண்டுகள் கழித்து, 1808இல், நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். தம் கண்டுபிடிப்பு என்றே அவர் சொல்லிக்கொண்டிருக்கலாம், சொல்லவில்லை. புகழை உரியவருக்கே அளித்தார். மறு ஆண்டு ஆவன்புருகர் மறைந்தார். கோர்விசாரின் மாணவர் லென்னெக் 1816இல் ஒரு நோயாளிப் பெண்ணின் மார்பில் காகிதச் சுருளை வைத்துக் கேட்டதும், அதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்ததும் நீங்கள் அறிந்த கதை.

இனி நம் பக்கம் வருவோம். காஞ்சிக்கு மேற்கே, வேலூரில், ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே செவிலியப் பட்டப்படிப்பும் வந்தது. நம் ஊர் நெசவாளர் வீட்டுப் பெண்களும் இன்று இப்படிப்பை விரும்பி வருகிறார்கள். பானையைத் தட்டத் தெரிந்த பெண், புத்தகத்தில் ‘பெர்கஷன்’, ‘ஆஸ்கல்டேஷன்’ என்ற சொற்களைக் கண்டு மிரள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விஷயம் கடினமன்று, சொல்தான் சுவராக நிற்கிறது.

அந்தச் சுவரை இடிக்க முயன்றவர் ஓர் அமெரிக்கர் என்றால் வியப்பீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடந்த பாடம், 1864 முதல் தமிழில் நடந்தது. ஆங்கிலம் கற்ற மருத்துவன் நகரத்துக்கு உத்தியோகம் தேடிப் போய்விடுகிறான், தமிழில் கற்றவன் கிராமத்தில் தங்குவான் என்பது அவர் கணக்கு. கலைச்சொற்களைத் தேடித் திரட்டினார், இல்லாதவற்றை ஆக்கினார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வெளிவந்தது. ‘கெமிஸ்தம்’ என்ற வேதியியல் நூல் 1875இல் வந்தது.

உடல் நலம் குன்றி 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அமெரிக்காவில் இருந்தபடியே தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார் கிரீன். 1884இல் இறந்தார். தம் கல்லறையில், தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று பொறிக்க வேண்டுமென முன்பே சொல்லி வைத்திருந்தார், அப்படியே பொறித்தார்கள்.