ஏஆர்-15: படைத்துப்பாக்கி அமெரிக்கக் கடைக்கு வந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரில் காலாட்படையினர் பெரும்பாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள்தான் சுட்டுக்கொண்டார்கள். அதற்கு அப்பாலும் வெகுதூரம் பாயும் தோட்டாவும் அதைத் தாங்கும் கனத்த துப்பாக்கியும் வீண்சுமை என்பதை முதலில் செயலில் காட்டியவர்கள் ஜெர்மானியர்கள். நடுத்தர ஆற்றல் கொண்ட தோட்டாவைச் சுடும் எஸ்டிஜி 44 அப்படிப் பிறந்தது. அமெரிக்கத் தரைப்படையோ 1957-இல்கூடப் பழைய வழியிலேயே நின்றது. அந்த ஆண்டு அது ஏற்றுக்கொண்ட எம்14, தொடர்ச்சியாகச் சுட்டால் தோளில் அடங்காமல் எகிறியது.

மாற்று, விமானத் தொழிலிலிருந்து வந்தது. ஃபேர்சைல்ட் விமான நிறுவனத்தின் கிளையாகக் கலிபோர்னியாவில் 1954-இல் தொடங்கிய ஆர்மலைட்டின் தலைமைப் பொறியாளர் யூஜின் ஸ்டோனர். அலுமினியக் கலவை, கண்ணாடியிழை போன்ற புதிய பொருள்களைக் கொண்டு ஏஆர்-10 என்ற ரைஃபிளை அவர் வடிவமைத்தார். அதை ஜிம் சல்லிவனும் ராபர்ட் ஃப்ரீமாண்டும் சிறிதாக்க, 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடும், ஏறக்குறைய 3 கிலோ எடையுள்ள ஏஆர்-15 உருவாயிற்று. 1959-இல் ஆர்மலைட் அதன் உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. மறுவருடம் ஜூலை 4 விருந்தொன்றில் விமானப்படை ஜெனரல் கர்ட்டிஸ் லெமே அதைக் கொண்டு தர்பூசணிகளைச் சுட்டுப் பார்த்து மகிழ்ந்துபோனார். படைக்கொள்முதல் வரலாற்றில் தர்பூசணிக்கும் ஒரு பங்கு உண்டு. 1963-இல் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் சேர்த்து 1,04,000 துப்பாக்கிகளுக்கு ஆணை வந்தது. எம்16 என்ற பெயரில் வியட்நாம் சென்ற அது, வெடிமருந்து மாற்றப்பட்டதாலும் துடைக்கும் கருவிகள் போதாததாலும் அடிக்கடி சிக்கிக்கொண்டதும், 1967-இல் நாடாளுமன்றத் துணைக்குழு படை அதிகாரிகளைச் சாடியதும் தனிக் கதை.

இங்கே கவனிக்கவேண்டியது வேறொன்று. வியட்நாமில் அதன் பெயர் கெடுவதற்கு முன்பே, 1964-இல், குடிமக்களுக்கான ஏஆர்-15-ஐக் கோல்ட் கடைகளுக்கு அனுப்பிவிட்டது. ஆகவே போர் முடிந்து மிஞ்சிய சரக்கு மக்களிடம் வந்தது என்ற பொதுவான எண்ணம் இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம், விசையின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடுவதை இயந்திரத் துப்பாக்கி என்று வரையறுத்து, அதற்கு 200 டாலர் வரியும் பதிவும் விதித்திருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை விசையை இழுக்கவேண்டிய கோல்ட்டின் புதிய சரக்கு இந்த வரையறைக்குள் வரவில்லை. வேட்டைக்காரர்களையும் முகாமிடுவோரையும் சேகரிப்பாளர்களையும் நோக்கி விளம்பரம் செய்தார்கள். மரக்கட்டைத் துப்பாக்கியில் பழகியவர்கள் அவ்வளவாக அசையவில்லை.

சந்தையை மாற்றியவை இரண்டு. ஒன்று, ஸ்டோனரின் காப்புரிமை 1977-இல் முடிந்தது. பிறகு யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம் என்றாயிற்று. மற்றது, தடைச்சட்டமே. 1989-இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளியில் ஏகே வகைத் துப்பாக்கியால் ஐந்து குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அம்மாநிலம் இத்தகைய துப்பாக்கிகளுக்குத் தடை கொண்டுவந்தது. 1994 செப்டம்பரில் கூட்டாட்சி அரசும் பத்தாண்டுத் தடை விதித்தது. கழற்றக்கூடிய மேகசினோடு, மடக்குக் கட்டை, தனிக் கைப்பிடி, குழல்முனைக் கத்தியை மாட்டும் கொக்கி, சுடும் ஒளியை மறைக்கும் முனை போன்றவற்றில் இரண்டு இருந்தால் அந்தத் துப்பாக்கி தடைக்குள் வந்தது. தயாரிப்பாளர்கள் கொக்கியையும் முனையையும் நீக்கிவிட்டு, அதே இயந்திரத்தை வேறு பெயரில் விற்றார்கள். ஏற்கெனவே கைவசம் இருந்தவற்றுக்கு விலக்கும் உண்டு. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைத் தடுத்த பிரிவுதான் ஆயுதத்தின் வேலையைத் தொட்டது. மற்றதெல்லாம் அதன் தோற்றத்தைப் பற்றியது. அதுவரை பெரும்பாலோர் பொருட்படுத்தாத ஒன்றை, கிடைக்கும்போதே வாங்கிவைக்கவேண்டிய பொருளாக்கியது இந்தச் சட்டம் என்றே கருதுகிறேன்.

2004-இல் தடை புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. மறுவருடம், துப்பாக்கியைப் பிறர் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுக்கும் சட்டம் வந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அதே வகைத் துப்பாக்கியோடு போரிட்டவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த காலமும் அது. 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு மீண்டும் தடைக்குக் குரல் எழுந்தபோது விற்பனை ஏறவே செய்தது. கொல்லப்பட்ட ஒன்பது பேரின் குடும்பத்தார் துப்பாக்கித் தயாரிப்பாளரின் விளம்பரமுறையைச் சுட்டி வழக்காடி, 2022-இல் 7.3 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள். ஏஆர்-15 போன்ற துப்பாக்கிகள் 2.4 கோடிக்கு மேல் புழக்கத்தில் இருப்பதாகத் துப்பாக்கித் தொழில்துறைச் சங்கம் அதே ஆண்டில் மதிப்பிட்டது.

1934-இன் வரையறையும் சோதனைக்கு வந்தது. 2017 லாஸ் வேகஸ் படுகொலையில், பின்னுதைப்பைப் பயன்படுத்தி விசையை மீண்டும் மீண்டும் வேகமாக இயக்கும் 'பம்ப் ஸ்டாக்' என்ற இணைப்பு பயன்பட்டது. அதற்கு அரசு விதித்த தடையை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் நீக்கியது: ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனியே இயங்குவதால் அது இயந்திரத் துப்பாக்கி ஆகாதாம்.

அண்மை வழக்குகளில் புழக்கத்திலுள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கையே வாதமாகியிருக்கிறது. 2008-ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பு, பொதுப் பயன்பாட்டில் உள்ள ஆயுதங்களுக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு என்றது. அப்படியானால் விற்பனை பெருகப் பெருகத் தடை செய்யும் அதிகாரம் குறையும். எதைத் தடுக்கலாம் என்பதைச் சட்டமன்றத்துக்கு முன்பே சந்தை தீர்மானித்துவிடும். இவ்வகைத் துப்பாக்கிகளுக்கு மேரிலாந்து மாநிலம் விதித்த தடையை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் விசாரணைக்கு ஏற்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை விரைவில் எடுத்துக்கொண்டாக வேண்டும் என்று நீதிபதி கவனா அப்போதே தனியாக எழுதியிருக்கிறார்.