ஏழு நாளில் ஏழு கிலோ: எடைக் குறைப்பின் கொஞ்சம் பழைய வரலாறு

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சிக்கு உட்பட்டவர் என் அக்கா. பெரியம்மா மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தைத்து வந்த ஜாக்கெட் கை ஏறவில்லை. உடனே ஆரம்பித்துவிட்டாள், "ஜி.எம். டயட்". முதல் நாள் வெறும் பழம் (வாழைப்பழம் கூடாது), இரண்டாம் நாள் வெறும் காய்கறி, மூன்றாம் நாள் இரண்டும், நாலாம் நாள் வாழைப்பழமும் பாலும்... இப்படியே ஏழு நாள்.

எட்டாம் நாள் காலையில் பார்த்தால் நாலரை கிலோ குறைந்திருந்தது. ஜாக்கெட்டும் ஏறியது. ஆனால் ஆறாம் நாள் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்கு ஏறி வரும்போது கண் இருட்டி, ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் முடிந்து மூன்றே வாரத்தில் நாலு கிலோ திரும்பி வந்துவிட்டது. "எனக்கு மன உறுதியே இல்லடா" என்று அழுதாள். அந்த வார்த்தைதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. உண்மையிலேயே தப்பு அவளுடைய மன உறுதியில்தானா?

முதலில் அந்தப் பெயர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது, அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்றெல்லாம் இந்த டயட்டைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கார் கம்பெனி பெயரை யாரோ ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, நாலரை கிலோ குறைந்தது பொய்யா? இல்லை, தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் குறைந்தது எது?

இதற்கு என் பாட்டியிடம் பதில் இருந்தது. பாட்டி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். மழை நாளில் கூடை கனக்கும். ஆனால் நிறுக்கிற இடத்தில் கணக்குப்பிள்ளை ஈரத்துக்கு என்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். "தண்ணிக்கு யாரு காசு குடுப்பா?" என்பார் பாட்டி. அக்காவின் கணக்கிலும் இந்தக் கழிவைப் போட வேண்டும். நம் கல்லீரலும் தசைகளும் சேர்ந்து ஏறக்குறைய அரைக் கிலோ சர்க்கரையை கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை நிறுத்தினால் உடம்பு முதலில் செலவழிப்பது இந்தக் கையிருப்பைத்தான். அது கரையும்போது தண்ணீரும் வெளியேறும். வெறும் பழம், காய்கறி என்றால் உப்பும் குறைந்துவிடும். அதனாலும் கொஞ்சம் தண்ணீர் போகும்.

கொழுப்பு எவ்வளவு போயிருக்கும்? ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அக்காவுக்கு ஒரு நாளைக்கு 1,900 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளும் ஒரு பருக்கை கூடச் சாப்பிடாமல் கிடந்தால்கூட 13,300 கலோரிதான் பற்றாக்குறை. அதாவது முழுவதும் கொழுப்பிலிருந்தே போனாலும் 1.7 கிலோ. அவள் பழமும் பாலும் சாப்பிட்டதைக் கணக்கில் எடுத்தால் ஒரு கிலோ கொழுப்பு போயிருந்தாலே பெரிது. மீதியில் பெரும்பகுதி மழைத்தண்ணீர் கணக்கு. கல்யாணப் பந்தியில் இரண்டு நாள் உட்கார்ந்ததும் அது திரும்பிவிட்டது.

இனி வரலாற்றுக்கு வருவோம். எங்கள் ஊருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்பது தேடும்போதுதான் தெரிந்தது.

குன்னூர் சிம்ஸ் பார்க் எதிரே இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தை, நாய்க்கடித் தடுப்பூசிக்காக எல்லோருக்கும் தெரியும். 1907இல் தொடங்கியது. அங்கே 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வை ஆரம்பித்தார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்கு வரும் நோய் அது. புறாக்களுக்குக் குறைபாடான தீனி கொடுத்து, இறந்த பிறகு ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக எடை போட்டார். அவர் கண்டது என்ன தெரியுமா? உடம்பு இளைக்கும்போது எல்லா உறுப்பும் ஒரே அளவில் இளைப்பதில்லை. நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுரப்பி சுருங்கிப் போயிருந்தது. நெருக்கடியில் வேலை செய்யும் அட்ரினல் சுரப்பியோ வீங்கியிருந்தது. "எடை குறைந்தது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

பிறகு எலிகள். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் சராசரியாகச் சுமார் 235 கிராம். கழுவித் தீட்டிய அரிசியை நம்பிய "மதராஸி" உணவைத் தின்றவை 155 கிராம்தான். நமக்குக் கொஞ்சம் ரோஷம் வரத்தான் செய்கிறது :-) ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வகத்தில் எடை குறைவு என்பது சாதனை இல்லை, அபாய மணி.

அந்த ஒற்றை அறை 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1935இல் மெக்காரிசனுக்குப் பின் அய்க்ராய்ட் இயக்குநரானார். இந்திய உணவுப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, எதில் எவ்வளவு சத்து என்ற அட்டவணையை 1937இல் வெளியிட்டார். கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. கோபாலன் முதலியோர் விரிவாக்கிய அந்த அட்டவணையின் வழியாகத்தான் கேழ்வரகுக்கு இவ்வளவு, துவரம்பருப்புக்கு இவ்வளவு என்ற கணக்கு நம் பாடப்புத்தகம் வரை வந்தது. மக்களுக்குப் போதுமான உணவு கிடைக்கிறதா என்று பார்க்கத்தான் அதைத் தயாரித்தார்கள். நாம் அதே கணக்கை, எவ்வளவு குறைவாகச் சாப்பிடலாம் என்று பார்க்கப் பயன்படுத்துகிறோம்.

அந்த அட்டவணையை வைத்து நானும் ஒரு கணக்குப் போட்டேன். 1876-78இல் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம், தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். 1877 தொடக்கத்தில் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் (அதோடு சொற்பக் காசு) போதும் என்று நிர்ணயித்தார். மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இதில் உடம்பு உழைத்துத் தாங்காது என்று கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் படி உயர்த்தப்பட்டது. ஒரு பவுண்டு என்றால் சுமார் 454 கிராம். 100 கிராம் அரிசிக்கு 345 கலோரி வீதம் போட்டால் ஏறக்குறைய 1,565 கலோரி.

இந்த எண்ணை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனையை ஆரம்பித்தார். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதுதான் நோக்கம். போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 ஆரோக்கியமான இளைஞர்கள் முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. தினமும் சராசரியாகக் கொடுத்தது சுமார் 1,570 கலோரி! டெம்பிள் படியும் மின்னசோட்டா தட்டும் கிட்டத்தட்ட ஒன்று. நம் டயட் சீட்டுகளில் பலவும் 1,200 என்கின்றன.

அந்த இளைஞர்களுக்கு உடல் எடையில் கால் பங்கு போய்விட்டது. அதோடு, சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியும் சுமார் 40 சதவீதம் குறைந்தது. எப்போதும் குளிர். எப்போதும் சோற்று நினைவு. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போலப் படித்தார்கள். பட்டினி முடிந்து இஷ்டத்துக்குச் சாப்பிட விட்டதும், வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை. பழைய எடைக்கு வந்தபோது முன்னைவிட உடம்பில் கொழுப்பு அதிகமாக இருந்தது. அவர்கள் யாரும் மன உறுதி இல்லாதவர்கள் அல்ல. கொள்கைக்காக ஆறு மாதம் பட்டினி கிடந்தவர்கள்.

உடம்புக்குக் கல்யாணமும் தெரியாது, ஜாக்கெட்டும் தெரியாது. சோறு குறைந்தால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: பஞ்சம் வந்துவிட்டது, சிக்கனமாக இரு, சோறு கிடைத்தால் விடாதே. 2016இல் வெளியான ஒரு ஆய்வும் இதையே காட்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் 30 வாரத்தில் சராசரி 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தார்கள். 41 கிலோ திரும்பியிருந்தது. ஆனால் அவர்கள் உடம்பு இன்னமும் தினம் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. அவசரம் உயிரையும் எடுத்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரத டயட்டில் இருந்தவர்களில் 50க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவானது. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வேகமாகக் குறைப்பது எப்போதுமே வீண் என்று சொல்ல முடியாது. 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தவர்கள், 36 வாரத்தில் மெதுவாகக் குறைத்தவர்கள் இரு சாராருக்கும் மூன்று வருடத்தில் எடை ஒரே அளவுதான் திரும்பியது: சுமார் 71 சதவீதம். "மெதுவாகக் குறைத்தால் திரும்பாது" என்பதும் முழு உண்மை இல்லை. 2017இல் பிரிட்டனில், சர்க்கரை நோயாளிகளுக்கு 3 முதல் 5 மாதம் தினம் சுமார் 850 கலோரி கொடுத்ததில், ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே நோய் தணிந்திருந்தது. ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. சத்துகள் அளந்து சேர்க்கப்பட்டன. முக்கியமாக, குறைத்த பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பழக்கினார்கள். ஏழு நாள் சீட்டில் எட்டாம் நாள் என்ன செய்வது என்று ஒரு வரி கூட இல்லை.

ஆக என் முடிவு இதுதான். குறுகிய கால டயட் தராசில் வேலை செய்கிறது, உடம்பில் அல்ல. எடை குறைய வேண்டியவர்கள் டாக்டரிடம் போய், வருடக்கணக்கில் தாங்கக்கூடிய சாப்பாட்டை முடிவு செய்வதுதான் வழி.

இதையெல்லாம் அக்காவிடம் படித்துக் காட்டினேன். மின்னசோட்டா கதையில் சமையல் புத்தகம் வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். டயட்டின் நாலாம் நாள் ராத்திரி அவளும் போனில் பிரியாணி செய்முறைதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஜாக்கெட்டைத் தையற்காரரிடம் கொடுத்து அரை இஞ்ச் பிரித்து வாங்கியாகிவிட்டது. அதை முதலிலேயே செய்திருக்கலாம் என்கிறார் அம்மா.